பனிக்கடலில் மின் உந்துதல் கப்பல்: மின்சாரம் தள்ளாடாமல் காப்பது எப்படி?

கெத்தை மகள், மஞ்சூர்

வணக்கம். வணிகக் கப்பல்களில் மின் தொழில்நுட்ப அலுவலராகப் பணிபுரிகிறேன். இதுவரை மூன்று ஒப்பந்தங்கள் முடித்திருக்கிறேன். மூன்றும் எரிவாயுக் கப்பல்கள், கத்தாருக்கும் குஜராத்துக்கும் இடையே. மூன்றிலும் மின் உந்துதல்தான், அதாவது ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தில் ஓடும் மோட்டார்தான் புரொப்பெல்லரைச் சுழற்றும். அதனால் ஜெனரேட்டரும், மோட்டாரின் வேகத்தை மாற்றித்தரும் கன்வெர்ட்டரும் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் பனிக்கட்டி மிதக்கும் கடலை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதம் பால்டிக் கடலின் வடகோடியில், பொத்னியா வளைகுடாவுக்குள் போய்வரும் ஓர் எண்ணெய்க் கப்பலில் சேர வேண்டும். பனியில் ஓடத் தகுதி உண்டு என்ற பனி வகுப்புச் சான்று பெற்ற கப்பல். நான்கு டீசல் ஜெனரேட்டர்கள், அவற்றின் மின்சாரத்தைச் சேர்த்துப் பகிரும் 6.6 கிலோவோல்ட் மின்பலகை, அதிலிருந்து கன்வெர்ட்டர் வழியாக இரண்டு உந்து மோட்டார்கள். இறங்கப்போகும் அலுவலர் ஒப்படைப்புக் குறிப்பை அனுப்பிவைத்தார். நாற்பது பக்கம். பனியைப் பற்றி அதில் இருப்பது மூன்றே வரி:

"பனிக்குள் நுழையும் முன் மூன்றாவது ஜெனரேட்டரைச் சேர்க்கவும். உந்துதலை வேகக் கட்டுப்பாட்டிலிருந்து திறன் கட்டுப்பாட்டுக்கு மாற்றச் சொல்லவும். கடல்நீர் பம்பின் மீது கண் இருக்கட்டும்."

ஏன் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. இரண்டு ஜெனரேட்டர்களே போதுமான சுமைக்கு மூன்றாவது எதற்கு? பம்பைப் பார்ப்பது இயந்திர அறைக்காரர்கள் வேலை அல்லவா, மின் அலுவலருக்கான குறிப்பில் அது ஏன் வருகிறது?

அப்பா கெத்தை மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்துக் காட்டினேன். "எங்களுக்குப் பின்னால் மாநிலம் முழுவதும் கம்பி இருந்தது. ஒரு யூனிட் விழுந்தால் மேட்டூர் தாங்கும், நெய்வேலி தாங்கும். நடுக்கடலில் உனக்கு யார் தாங்குவார்கள்?" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்று காலை எமரால்டில் சித்தி வீட்டில் இருக்கிறேன். உறைபனி இறங்கிப் புல்வெளி முழுவதும் உப்பைக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை. சித்தி வளைவு இருக்கும் இடத்தில் வெந்நீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். முதலில் காற்று சீறியது, பிறகு பனித்துகள் உதிர்ந்தது, அதன் பிறகுதான் தண்ணீர் வந்தது. இந்தக் குளிரே நமக்கு இவ்வளவு வேலை வைக்கிறது. அங்கே போய் வந்தவர்கள் இந்தத் தளத்தில் யாராவது இருந்தால், பனியில் உண்மையில் எது கெடும், எப்படிக் கெடும் என்று சொல்லுங்கள். கையேடு என்னிடம் இருக்கிறது. கையேட்டில் இல்லாததுதான் எனக்கு வேண்டும்.

---

பழைய மின்காரர், குன்னூர்

அம்மா, சித்தி வீட்டுக் குழாயை மறந்துவிடாதீர்கள். கடைசியில் அங்கேதான் வரப்போகிறேன்.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் கடலில் இருந்தேன். கடைசி ஒன்பது குளிர்காலங்கள் பால்டிக்கிலும் வெண்கடலிலும் கழிந்தன. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த மூன்று வரியை எழுதியவர் அனுபவம் உள்ளவர். மூன்றும் சரியான வரிகள்.

திறன் கட்டுப்பாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். திறந்த கடலில், கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜிலிருந்து "இத்தனை சுற்று" என்று கேட்பார்கள், கன்வெர்ட்டர் அந்தச் சுற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். புரொப்பெல்லரைச் சுற்றி நீர் மட்டும் இருக்கும்வரை இதில் தொல்லை இல்லை. ஒரு பனிப்பாளம் உடைந்து கப்பலின் வயிற்றோடு சறுக்கிப் பின்னால் வந்து இதழ்களுக்கு நடுவே சிக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதழ் அதை அரைக்கத் தொடங்கும். முறுக்குவிசை ஏறும். சுற்றோ குறையக் கூடாது என்பது கட்டளை. எனவே கன்வெர்ட்டர் பலகையிலிருந்து இன்னும் இழுக்கும். முறுக்குவிசை இரட்டித்துச் சுற்று அப்படியே இருந்தால் திறனும் இரட்டிக்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. நான்கு இதழ் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 120 சுற்றில் ஓடினால் வினாடிக்கு எட்டு அடி. அந்த எட்டு அடியையும் ஜெனரேட்டர் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

டீசல் என்ஜினால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. எரிபொருளைக் கவர்னர் நொடியில் திறந்துவிடும், ஆனால் எரிபொருளோடு காற்றும் வேண்டுமே. டர்போசார்ஜர் சுழன்று வேகம் பிடித்துக் காற்றைத் தள்ளச் சில வினாடிகள் ஆகும். அதுவரை கரும்புகைதான் வரும், மின்சாரத்தின் அலைவெண் (ஹெர்ட்ஸ்) சரியும். எரிவாயுவில் ஓடும் என்ஜின் இன்னும் மென்மையானது. அவசரமாகச் சுமை ஏற்றினால் தட்டத் தொடங்கும், தன்னைக் காத்துக்கொள்ள டீசலுக்குத் தாவிவிடும். எரிவாயுக் கப்பலில் இருந்தவர் என்பதால் இதைப் பார்த்திருப்பீர்கள்.

திறன் கட்டுப்பாட்டில் கட்டளையே வேறு. "இத்தனை மெகாவாட்டுக்கு மேல் எடுக்காதே, சுற்று எப்படிப் போனாலும் போகட்டும்." பனி சிக்கியதும் முறுக்குவிசை ஏறும், சுற்று இறங்கும், இரண்டின் பெருக்கல் ஏறத்தாழ அப்படியே நிற்கும். அடி முழுவதையும் புரொப்பெல்லரின் சுற்று வாங்கிக்கொள்கிறது, பலகைக்கு அது தெரிவதே இல்லை. கனமான புரொப்பெல்லரும் மோட்டாரும் சுழலும்போது அவற்றுக்குள் இருக்கும் வேகமே ஒரு சேமிப்பு. அந்தச் சேமிப்பைச் செலவழித்துத்தான் பனி அரைபடுகிறது.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புரொப்பெல்லர் பனியில் இறுகி நின்றேவிட்டால் ஜெனரேட்டர் நசுங்கிவிடும் என்று நானும் முதல் ஆண்டில் நினைத்தேன். அப்படி இல்லை. முறுக்குவிசை வரம்பைத் தொட்டு மோட்டார் நின்றால் சுற்று பூஜ்யம், திறனும் ஏறத்தாழ பூஜ்யம், வெறும் வெப்ப இழப்புதான் மிஞ்சும். பலகைக்கு அப்போது சுமை குறைகிறது. நின்ற புரொப்பெல்லரால் ஆபத்து இதழுக்கு. கப்பல் நகர்ந்துகொண்டிருக்க, அசையாத இதழில் பனி மோதினால் இதழ் வளையும். மோட்டாரின் சுருளுக்கும் நல்லதல்ல, ஒரே இடத்தில் மின்னோட்டம் நின்று சுடும். அதனால்தான் பனிக்கு மின்மோட்டாரை விரும்புகிறார்கள். நின்ற நிலையிலும் முழு முறுக்குவிசை தரும், உடனே பின்னோக்கித் திரும்பும். டீசலை நேராகத் தண்டில் பூட்டினால் குறைந்த சுற்றில் மூச்சுத் திணறி அணைந்துவிடும். 1930களின் தொடக்கத்திலேயே சுவீடன்காரர்கள் 'யீமர்' என்ற பனியுடைப்புக் கப்பலை டீசல்-மின் முறையில் கட்டினார்கள் என்றால் காரணம் இதுதான். நம் பைக்காராவில் மின்சாரம் பிறந்ததும் அதே காலம், 1932.

அடுத்து மூன்றாவது ஜெனரேட்டர். இரண்டு ஜெனரேட்டர்கள் 70 சதவீதம் சுமையில் ஓடுகின்றன. ஒன்று விழுந்தால் மற்றதன் தலையில் 140. அதுவும் விழும், கப்பல் இருண்டுவிடும். அதே சுமையை மூன்று சுமந்தால் ஒவ்வொன்றுக்கும் 47 சொச்சம். ஒன்று விழுந்தால் மீதி இரண்டுக்கும் 70. விளக்கு கூட மினுங்காது. எரிபொருள் கொஞ்சம் கூடச் செலவாகும், குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடினால் கரி படியும், சீஃப் இன்ஜினியர் முகம் சுளிப்பார். பனிக்குள் இருக்கும்வரை அந்த முகச்சுளிப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டர் விழும் நொடியில் உந்து மோட்டார்களின் சுமையைக் கன்வெர்ட்டர் உடனே வெட்டுகிறதா என்பதை ஏறியதும் கேட்டறியுங்கள். ஜெனரேட்டரைப் பலகையிலிருந்து துண்டிக்கும் பிரேக்கர்களில் எது திறந்தது என்ற செய்தி நேராகக் கன்வெர்ட்டருக்குப் போக வேண்டும். அது தவறினால் அலைவெண் சரிவதை வைத்தாவது அது தானாகக் குறைக்க வேண்டும். கப்பல்களைச் சோதித்துச் சான்று தரும் வகுப்புச் சங்கங்களின் விதிகள் அலைவெண்ணில் நிலையாக 5 சதவீதம், ஐந்து வினாடிக்குள் மீளும் தடுமாற்றமாக 10 சதவீதம் விலகலை அனுமதிக்கின்றன. 60 ஹெர்ட்ஸ் கப்பலில் 54 வரை சரிந்து மீண்டாலும் கருவிகள் தாங்க வேண்டும் என்று பொருள். அந்த எல்லைவரை போகவிடுவது நல்ல கப்பல் அல்ல.

இனி பம்புக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட "உண்மையில் எது கெடும்" என்பதற்கு என் விடை இதுதான். புரொப்பெல்லர் அடியால் கப்பல் இருண்டுபோய் நான் பார்த்ததில்லை. கட்டுப்பாட்டு முறைகள் அதைப் பார்த்துக்கொள்கின்றன. ஜெனரேட்டரைப் பனி கொல்வது குளிர்நீர் வழியாக.

ஒரு பிப்ரவரி இரவு, பனியுடைப்புக் கப்பல் வெட்டிய தடத்தில் மூன்று கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். நாங்கள் நடுவில். அந்தத் தடம் முழுவதும் உடைந்த பனி, சேறுபோலக் குழைந்த பனித்துகள். முன்னால் பனி அழுத்தத்தில் எல்லாரும் நின்றோம். பின்னோக்கி ஒருமுறை, முன்னோக்கி ஒருமுறை என்று புரொப்பெல்லரைத் திருப்பினார்கள். அது பனிக்குழம்பு முழுவதையும் கப்பலின் அடிவயிற்றுக்குள் தள்ளியிருக்கிறது. கடல்நீர் உள்ளே வரும் இடத்தில் ஓர் அறை உண்டு, சீ செஸ்ட் என்போம். அது பனித்துகளால் நிரம்பத் தொடங்கியது.

எந்த அலாரமும் இல்லை. கண்காணிப்புத் திரையில் வெப்பநிலை எல்லாம் பச்சை. நான் வேறு ஏதோ வேலையாகப் பலகை அறைக்குள் இருந்தேன். கடல்நீர் பம்பின் ஆம்பியர் காட்டி எப்போதும் 62இல் நிற்கும். அன்று 55இல் இருந்தது, பிறகு 48, மறுபடி 56. முள் நடுங்கியது. சுமை கூடினால்தானே நாம் பதறுவோம்? குறைந்தால் கண்டுகொள்ள மாட்டோம். நானும் ஒரு நிமிடம் வெறுமனே நின்றேன். பம்பு தண்ணீரைத் தள்ளும்போதுதான் மோட்டார் உழைக்கிறது. ஆம்பியர் விழுகிறது என்றால் பம்புக்குத் தண்ணீர் போகவில்லை, காற்றும் பனியும் போகின்றன என்று பொருள். வெப்பமானி அதைச் சொல்ல இன்னும் ஆறேழு நிமிடங்கள் ஆகும். ஏனென்றால் உள்சுற்று நீரில் அவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் அளவு தண்ணீர் இருக்கிறது.

கீழே ஓடிச் சொன்னேன். இரண்டாம் இன்ஜினியர் ஸ்ட்ரெய்னரை, அதாவது கடல்நீரை வடிகட்டும் கூடையை, மாற்றினார். கழற்றிய கூடையைத் தூக்கினால் உள்ளே தேங்காய்த் துருவலை அமுக்கி வைத்ததுபோல வெள்ளையாகப் பனி. கையுறையோடு அள்ளி எறிந்தோம். மாற்றிய கூடை நான்கு நிமிடத்தில் நிரம்பியது. ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்வதில் பயனில்லை, அறையையே கரைக்க வேண்டும்.

அதற்கு வழி கப்பலிலேயே இருக்கிறது. என்ஜினைக் குளிர்வித்துச் சூடாக வெளியே போகும் கடல்நீரைத் திருப்பி மறுபடி அதே சீ செஸ்டுக்குள் விடும் குழாய் ஒன்று உண்டு. உங்கள் சித்தி செய்ததும் இதே வைத்தியம்தான்! பின்லாந்து-சுவீடன் பனி வகுப்பு விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. முழு அளவு நீரையும் அப்படித் திருப்ப வழி வேண்டும், என்ஜின்களின் ஒவ்வொரு 750 கிலோவாட்டுக்கும் ஒரு கன மீட்டர் வீதம் அந்த அறையின் கொள்ளளவு இருக்க வேண்டும், உள்ளே வந்த பனி மிதந்து நிற்க நுழைவாய்க்கு மேலே உயரம் வேண்டும் என்று வழிகாட்டுகிறது.

எங்கள் கப்பலிலும் அந்தக் குழாய் இருந்தது. வால்வும் இருந்தது. கோடை முழுவதும் யாரும் அதைத் தொடவில்லை. திருகு இறுகிப்போயிருந்தது. இரண்டு பேர் குழாய்த் திருகியைப் போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் எண் ஜெனரேட்டர் நீர் வெப்பம் மிகுந்து விழுந்தது. கன்வெர்ட்டர் உந்துதலை வெட்டியது, விளக்குகள் தப்பின. ஆனால் உந்துதல் மூன்றில் ஒரு பங்குதான். பின்னால் வந்த கப்பல் ஒரு மைலுக்குள் இருந்தது. அதற்குள் தடம் திறந்து அது நகரத் தொடங்கியிருந்தது. பனித்தடத்தில் விலகிப்போக இடம் கிடையாது. பிரிட்ஜில் எங்கள் கேப்டன் வானொலியில் பேசிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர்கள் நேரத்தில் பின்னோக்கித் திருப்பி நிறுத்தினார்கள். வால்வு திறந்தது. பத்து நிமிடத்தில் அறை கரைந்தது, முள் 62க்கு வந்து அசையாமல் நின்றது.

அன்றிலிருந்து பனிக்குள் இருக்கும்போதெல்லாம் அந்த ஆம்பியர் காட்டிக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு ஆள் வைத்தேன். பிறகு அதைக் கண்காணிப்புக் கணினியில் சேர்த்து, 10 சதவீதம் குறைந்தாலே அலாரம் அடிக்கும்படி செய்துகொண்டோம். பம்பு இயந்திர அறையுடையது. அதன் ஆம்பியர் உங்களுடையது, அம்மா. அந்த மூன்றாவது வரி உங்கள் குறிப்பில் இருப்பது அதனால்தான்.

---

சி.டி.சி. மேஸ்திரி, கோத்தகிரி

கப்பலைப் பற்றி எனக்குத் தெரியாது. தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மின்பணி. ஐயா எழுதியதைப் படித்தபோது இலையை நசுக்கும் எங்கள் ரோட்டார்வேன் இயந்திரத்தைப் பார்த்ததுபோல இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் கொழுந்து ஈரமாக வரும். வாட்டும் தொட்டியில் சரியாக வாடாத இலையை அவசரத்துக்கு அள்ளிப் போட்டால் ரோட்டார்வேனில் அடைத்துக்கொள்ளும். மின்வாரியக் கம்பியில் மின்சாரம் இருக்கும்போது அது பெரிய செய்தி இல்லை. மின்வெட்டு நேரத்தில் சொந்த ஜெனரேட்டரில் ஓடும்போதுதான் தெரியும். அடைத்த நொடியில் ஜெனரேட்டர் முனகும், விளக்குகள் மங்கும், உலர்த்தியின் விசிறி வேகம் குறையும், உள்ளே இருக்கும் தூள் கருகும். ஓர் இயந்திரத்தில் அடைத்த இலைக்கு, இன்னோர் இயந்திரத்தில் ஒரு தொகுதித் தூள் வீணாகும்.

முன்பு எங்கள் முதலாளியிடம் பெரிய ஜெனரேட்டர் வாங்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சரியானது வேறு வழியில். இலை கொண்டுவரும் கன்வேயரின் மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி, இலையை நறுக்கிச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தின் மோட்டார் ஆம்பியரை அதற்குக் காட்டினோம். ஆம்பியர் ஏறினால் கன்வேயர் தானாக மெதுவாகும். இலை குறைவாக விழும், அடைப்பு தீரும், மறுபடி வேகமெடுக்கும். ஜெனரேட்டரின் சத்தம் ஒரே சீராக இருக்கும். கப்பலில் திறன் கட்டுப்பாடு என்று ஐயா சொல்வது இதுதான் என்று புரிந்துகொண்டேன்.

ஒரு சந்தேகம் உண்டு. முதலில் கருவியை மிகவும் சுறுசுறுப்பாக வைத்துவிட்டோம். ஒவ்வொரு சிறு ஏற்றத்துக்கும் கன்வேயர் குறைந்து கூடி, குறைந்து கூடி, கடைசியில் ஜெனரேட்டரும் அதோடு சேர்ந்து அலைபாயத் தொடங்கியது. கொஞ்சம் மந்தமாக்கிய பிறகுதான் அடங்கியது. கப்பலில் வினாடிக்கு எட்டு அடி என்கிறீர்களே, அதைத் துரத்திப் பிடிக்கப் போனால் இதே கதி ஆகாதா?

---

கெத்தை மகள், மஞ்சூர்

ஐயா, நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. அப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். ஆம்பியர் விழுந்த இடத்தில் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார். "குறையும்போது பார்ப்பவன்தான் மின்காரன்" என்றார்.

அவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கெத்தையில் பெல்டன் சக்கரங்கள். உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் நீர் பீய்ச்சி அடித்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அவர்களுக்குப் பயம் சுமை ஏறுவதில் அல்ல, திடீரென்று விட்டுப்போவதில். கம்பி அறுந்து சுமை போய்விட்டால் சக்கரம் பிய்த்துக்கொண்டு ஓடும். நீரை உடனே அடைக்கவும் முடியாது, அடைத்தால் அந்த அதிர்ச்சியில் குழாய் வெடித்துவிடும். அதனால் பீய்ச்சும் நீருக்கு முன்னால் ஒரு தகடு வந்து விழுந்து நீரைச் சக்கரத்திலிருந்து திருப்பிவிடும், பிறகு ஊசி மெதுவாக மூடும். "பனி இதழைப் பிடிப்பதைச் சொன்னார். பிடித்த பனி பட்டென்று விட்டால் என்ன ஆகும்? அதைக் கேள்" என்கிறார்.

எனக்கும் இரண்டு கேள்விகள். பலகையின் இரு பாதிகளை இணைக்கும் பஸ்-டை பிரேக்கரை மூடி ஒரே பலகையாக ஓட்டுவதா, திறந்து இரண்டாகப் பிரிப்பதா? இப்போதெல்லாம் பேட்டரி வைத்த கப்பல்கள் வருகின்றனவே, அவற்றில் இந்தத் தொல்லை இல்லையா?

---

பழைய மின்காரர், குன்னூர்

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்டது பாதிப்பேர் கேட்காத கேள்வி.

முதலில் மேஸ்திரிக்கு. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. இதழின் ஒவ்வோர் அடியையும் கன்வெர்ட்டர் துரத்தக் கூடாது. அந்த வேகத்தில் வரும் அடிகளைச் சுழலும் எடையே தின்றுவிடும். பல வினாடிகள் நீளும் அரைப்புக்குத்தான் கட்டுப்பாடு பதில் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் கவர்னர், மின்னழுத்தச் சீராக்கி, கன்வெர்ட்டர் மூன்றும் ஒரே துடிப்பில் ஓடினால் ஒன்றையொன்று தூண்டிவிட்டு அலைபாயும். கன்வெர்ட்டரைத் தயாரித்த நிறுவனத்தின் ஆட்கள் கடல் சோதனையில் இந்த வேகங்களைப் பிரித்து அமைத்துவிட்டுப் போவார்கள். உங்கள் கன்வேயரை அமைத்தது நீங்களே. உங்களை என் கப்பலில் வைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

அப்பாவுக்கு. பனி பட்டென்று விட்டால் முறுக்குவிசை விழும், திறன் கட்டுப்பாட்டில் இருக்கும் கன்வெர்ட்டர் அதே மெகாவாட்டைச் செலவழிக்கச் சுற்றை ஏற்றப் பார்க்கும், புரொப்பெல்லர் துள்ளும். அதனால் சுற்றுக்கும் ஒரு மேல்வரம்பு கட்டியிருப்பார்கள். அந்த வரம்பைத் தொட்டதும் இழுக்கும் திறன் சரியும், அந்தச் சரிவு ஜெனரேட்டருக்குச் சுமை விட்டுப்போவதுபோலத் தெரியும். டீசலுக்கு எரிபொருளைக் குறைப்பது எளிது, பெல்டன் சக்கரத்தின் சங்கடம் அதற்கு இல்லை. வேகம் 15 சதவீதம் மிஞ்சினால் என்ஜினை நிறுத்திவிடும் பாதுகாப்பும் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்வதே நமக்கு ஜெனரேட்டர் இழப்புதான்.

இதைவிட மோசமானது திரும்பிவரும் மின்சாரம். முன்னோக்கிப் போகும் கப்பலில் நெம்புகோலை வேகமாகப் பின்னுக்குத் தள்ளினால், ஓடும் நீர் புரொப்பெல்லரைச் சுழற்றும். மோட்டார் ஜெனரேட்டராக மாறும். அந்தச் சக்தி பலகைக்கு ஏறினால் டீசல்களைப் பின்னாலிருந்து தள்ளும், எதிர்த்திறன் பாதுகாப்பு ஒவ்வொன்றாகப் பிரேக்கரைத் திறக்கும். அதனால்தான் கன்வெர்ட்டர் அறையில் பெரிய தடைச் சுருள்கள் இருக்கும். அந்தச் சக்தியை அங்கேயே வெப்பமாக்கிவிடும். பனியை இடித்து, பின்வாங்கி, மறுபடி இடிக்கும்போது ஒரு மணியில் பலமுறை இது நடக்கும். அந்தச் சுருள்களின் விசிறி ஓடுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

பஸ்-டை பற்றி ஊருக்கு ஒரு கருத்து. மூடியிருந்தால் எல்லா ஜெனரேட்டர்களும் சேர்ந்து அடியை வாங்கும், பலகை உறுதியாக நிற்கும். ஆனால் ஒரு கவர்னர் கெட்டு முழு எரிபொருளில் சிக்கிக்கொண்டால், அது சுமை முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளும். எதிர்த்திறனில் நல்ல ஜெனரேட்டர்கள் விலகிவிடும், கெட்டது மட்டும் மிஞ்சும். பிறகு அதுவும் விழும். பிரித்து ஓட்டினால் பாதிக் கப்பல் தப்பும், ஆனால் ஒவ்வொரு பாதியும் மெலிந்தது. அகலமான பனிவெளியில் மூடியும், துறைமுக வாயிலிலும் குறுகிய தடத்திலும் பிரித்தும் ஓட்டுவது எனக்குப் பிடித்த முறை. முடிவு உங்கள் கேப்டனும் சீஃப் இன்ஜினியரும் எடுப்பது. நீங்கள் காரணத்தை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

பேட்டரி நல்ல வரவு. 2021இல் வட துருவத்தைத் தொட்ட 'ல கொமாந்தான் ஷார்க்கோ' என்ற பயணக் கப்பலில் எரிவாயு என்ஜின்களோடு பேட்டரியும் இருக்கிறது. மென்மையான எரிவாயு என்ஜின் மூச்சு வாங்கும் சில வினாடிகளைப் பேட்டரி நிரப்பிவிடும். ஆனால் பேட்டரி சீ செஸ்டில் அடைத்த பனியைக் கரைக்காது. அது உங்களுக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும், அவ்வளவே.

மின் உந்துதல் கப்பல் இருண்டால் விளக்கோடு உந்துதலும் போகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 மார்ச் 23 அன்று நார்வேக் கரையோரம் 'வைக்கிங் ஸ்கை' புயலில் அப்படித்தான் நின்றது. 1,373 பேர். அங்கே பனிக்கட்டி இல்லை. எண்ணெய்த் தொட்டிகளில் உயவு எண்ணெய் அளவு குறைவாக இருந்தது, கப்பல் ஆடிய ஆட்டத்தில் பம்புக்கு எண்ணெய் எட்டாமல் ஜெனரேட்டர்கள் அடுத்தடுத்து விழுந்தன. எங்களுக்குக் கடல்நீர், அவர்களுக்கு எண்ணெய். இரண்டு இடத்திலும் பலகையில் ஒரு குறையும் இல்லை.

---

கெத்தை மகள், மஞ்சூர்

எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஏறும் நாள் உறுதியாகிவிட்டது, ரோட்டர்டாமில் சேருகிறேன். அங்கிருந்து வளைகுடாவின் பனி எல்லைக்கு ஐந்தாறு நாள் ஓட்டம் என்கிறார்கள். கப்பலை முழுவதும் கற்றுக்கொள்ள அந்த நாட்கள் போதாது. முதல் நாள் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்யட்டும், ஐயா?

---

பழைய மின்காரர், குன்னூர்

இரண்டாம் இன்ஜினியரை அழைத்துக்கொண்டு கீழே போய், சூடான நீரைச் சீ செஸ்டுக்குத் திருப்பும் அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதை மூடிய நிலையிலிருந்து முழுவதும் திறக்கும்வரை, பிறகு மறுபடி மூடும்வரை உங்கள் கண்ணெதிரே திருப்பச் சொல்லுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். திருகில் கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பலகை அறைக்கு வந்து, பம்பு நல்ல தண்ணீரை இழுக்கும்போது முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதைக் கண்ணாடியின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.